புல்லுக்கு அடியில்

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்றைய கொழுக்கட்டை மிச்சத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அசோசியேஷன் கூட்டம். கீழே குழந்தைகள் விளையாடும் இடத்தில் மணலை வாரிவிட்டுச் செயற்கைப் புல் போடுவதாக முடிவு. சொன்ன காரணங்கள் இரண்டு: மணலில் பூனை அசிங்கம் செய்கிறது, லிஃப்டெல்லாம் மண்ணாகிறது. சொல்லாத காரணம், பக்கத்து அடுக்ககத்தில் போட்டுவிட்டார்கள்.

செயலாளர் சண்முகநாதன் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். குழந்தைகள் விளையாடும் செயற்கைப் புல்லுக்கு என்னென்ன பாதுகாப்புத் தரம் வேண்டும் என்று பத்து அம்சம் கொண்ட பட்டியல். "சுகந்தி மேடம், நீங்கதான் கம்பெனில குவாலிட்டி பாக்கறீங்க. இதையும் பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார். நான் பார்ப்பது குழந்தைச் சட்டை. இருபத்து மூன்று வருஷமாக எக்ஸ்போர்ட் கம்பெனியில் பொத்தானைக் கிளிப்பில் பிடித்து இழுத்து, பிய்ந்து வருகிறதா என்று பார்க்கிறவள். பொத்தானும் புல்லும் ஒன்றா என்று கேட்டேன். குழந்தை ஒன்றுதானே என்றார். பதில் நன்றாக இருந்ததால் தாளை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 11, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு அரைக்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் அந்தத் தாளைப் படித்தேன். சாயத்தில் ஈயம் கூடாது. வெயிலில் கால் பொள்ளக் கூடாது. மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது. ஒட்டுப் பிரிந்து கால் தடுக்கக் கூடாது. நெருப்புப் பட்டால் பரவக் கூடாது. ஏழாவது அம்சம்தான் பெரியது. சறுக்குமரத்தின் உச்சியில் இருந்து குழந்தை தலைகுப்புற விழுந்தாலும் மண்டையில் பெரிய அடி படக் கூடாது. அதற்காகப் புல்லுக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு நுரை மெத்தை விரிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இரும்பில் ஒரு தலை செய்து, அதற்குள் அளக்கும் கருவியை வைத்து, மேலே இருந்து போட்டுப் பார்க்கிறார்களாம்.

அதோடு மடித்துப் பையில் வைத்துவிட்டேன். பஸ்ஸில் படித்தால் எனக்குத் தலை சுற்றும்.

செப்டம்பர் 14, சனி

புல் போடுகிற கான்ட்ராக்டர் சாம்பிளோடு வந்தார். ஒரு அடிக்கு ஒரு அடி. மேலே பச்சை, கீழே கறுப்பு மெத்தை. "அமுத்திப் பாருங்க மேடம்" என்றார். அமுக்கினேன். விரல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. நிமிர்ந்தபோது அவர் இடது புருவத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கார்டைப் பார்த்தேன். வெ. தியாகராசன். அந்தக் கோடு சின்ன வயதில் நான் அடித்த கிட்டிப்புள் பட்டது.

"மில் குவார்ட்டர்ஸுங்களா? பி லைன்?" என்று கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சுகுவா நீயி?" என்றார்.

முப்பத்தெட்டு வருஷம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஈரோட்டுப் பக்கம் போனார்கள். அதற்குப் பிறகு இன்றுதான். என்னை சுகு என்று கூப்பிட இப்போது ஆளே இல்லை. அம்மா போனதோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தியாகு அளவெடுக்க வந்தான். அளவெடுக்க அரைமணி, பேச இரண்டு மணி.

மில்லில் ஆறு மணிச் சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு ஓடுவது. நூல் சுற்றுகிற கூம்பு மாதிரியான கோன் அட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போலீஸ் ஆவது. கழிவுப் பஞ்சைத் துணியில் சுற்றிப் பந்து செய்வது, மழையில் அது ஊறி மண்டை கனத்துக்கு ஆவது. ஷிஃப்ட் விட்டு வரும் அப்பாக்களின் புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், அதனால் எல்லா அப்பாக்களும் தாத்தா மாதிரி இருப்பார்கள் என்று தியாகு சொன்னான். அது எனக்கு மறந்தே போயிருந்தது. எத்தனை பேர் விளையாடினோம் என்று விரல் விட்டோம். நானும் அவனும், ராஜாமணி, ரங்கமணி இரட்டையர், ஸ்டோர்கீப்பர் பையன் டேவிட், சரசு, பாத்திமா. ஏழு பேர். டேவிட் கனடாவில் இருக்கிறானாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனோகர் கேட்டார். "உன்ற சிரிப்பு மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு. புல்லுல அத்தனை ஜோக்கா?" கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் என் சிரிப்பைக் கவனித்தது இது இரண்டாவது தடவை. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

மணலை வாரிவிட்டார்கள். கீழே சிமெண்ட் தளம். நாளைக்குப் புல் விரிப்பார்களாம். எனக்குக் கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி, இந்த வாரம் பகலில் வீட்டில் இருக்க முடியாது.

அக்டோபர் 5, சனி

முடிந்துவிட்டது. ஆயுத பூஜைக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று சண்முகநாதன் தியாகுவைப் படுத்தி எடுத்திருக்கிறார். பூஜை போட்டுவிட்டு, இருபதாம் தேதி ஓவியப் போட்டி வைத்துத் திறப்பு விழா.

சாயங்காலம் தியாகு போன் செய்தான். "வந்து பாத்துக்கோ சுகு." மல்லிகை வாங்கியிருந்தேன், வீணாகக் கூடாது என்று வைத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் ஒரு சுற்று நடந்தோம். புதுப் புல், அதற்குள் மணல் தூவியிருக்கிறார்கள், மெத்தென்றுதான் இருந்தது. மில் கேண்டீன் பன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்ததில் பத்து அம்சமும் முடிந்துவிட்டது. பேனா அவனுடையது. ஏழாவதற்கு டிக் அடித்தபோது அவன் சறுக்குமரத்தின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டேன்.

மழை பிடித்துக்கொண்டதால் அவனுக்குக் குடை எடுக்க மேலே ஏறி வந்தேன். திரும்பிப் போனபோது அவன் கிளம்பிவிட்டிருந்தான். குடை அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மனோகர் காரைத் துடைத்தார், நான் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன். கீழே ஜெனரேட்டருக்கு, லிஃப்டுக்கு, புதுப் புல்லுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பூஜை. காவலாளி காளியப்பன் அண்ணன் பூசணிக்காய் மேல் சூடம் ஏற்றித் திருஷ்டி சுற்றினார். சுற்றுகிற வேகத்தில் எரிகிற சூடக் கட்டி ஒன்று நழுவிப் புல்லில் விழுந்தது. உஸ் என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் நாற்றம். அண்ணன் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். தீ பரவவில்லை. ஐந்தாவது அம்சம் பாஸ் என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். சிரித்தார்கள்.

கூட்டம் பூசணிக்காய் உடைக்க கேட்டுக்குப் போனதும் குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் புல் உருகி ஓட்டையாகியிருந்தது. ஓட்டைக்குள் கறுப்பு மெத்தை இல்லை. சாம்பல் நிறத்தில் சிமெண்ட் இருந்தது.

பார்க்க அசிங்கமாக இருந்ததால் ஒரு பூந்தொட்டியை அதன் மேல் நகர்த்தி வைத்தேன். பொரி, கடலை பாக்கெட் போட்டுத் தந்தார்கள்.

அக்டோபர் 12, சனி

விடுமுறை. ஏழு சேலைக்கு இஸ்திரி போட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அந்த ஒரு மூலையில் மட்டும் மெத்தை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

லீவு போட்டேன். மனோகரிடம் தலைவலி என்றேன். பதினோரு மணிக்குக் கீழே யாரும் இல்லை. திறப்பு விழா வரைக்கும் குழந்தைகள் போகாமல் கயிறு கட்டியிருக்கிறார்கள். சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்துக்கொண்டு போய், கயிற்றுக்குள் நுழைந்து, இருபத்திரண்டு இடத்தில் குத்தினேன். நுரையாக இருந்தால் ஊசி இன்னும் இரண்டு விரல் இறங்க வேண்டும். இருபத்திரண்டு இடத்திலும் டக் என்று நின்றது. சறுக்குமரத்தின் அடியில் நான்கு தடவை குத்தினேன். நான்கும் டக்.

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்றுதான். சாம்பிளைப் பார்த்து பல்க்கை பாஸ் பண்ணாதே. சாம்பிளை யார் வேண்டுமானாலும் ஒழுங்காகத் தைத்துவிடலாம், மூட்டையைப் பிரித்து உள்ளே கையை விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத இரண்டு பெண்களை நானே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி அழுதாள். அக்கா, அவங்க நல்லவங்களாத் தெரிஞ்சாங்க அக்கா, என்றாள். அப்போது அவளைத் திட்டினேன்.

அக்டோபர் 16, புதன்

மதிய இடைவேளையில் தியாகுவுக்குப் போன் செய்தேன். மெத்தை எங்கே என்று கேட்டேன்.

சொன்னான். "லோடு வரலை சுகு. உங்க செயலாளர் ஒத்தக் காலுல நின்னாரு. பொங்கல் முடிஞ்சு தூக்கி, அடியில விரிச்சுக்கலாம்னு நெனச்சேன். சத்தியமா இதுக்கு மின்ன எங்கயும் இப்படிப் பண்ணலை."

"இருபதாம் தேதி திறக்கறாங்க தியாகு. நாப்பது குழந்தைங்க இருக்குது."

"மேல புல்லு இருக்குது, மணல் இருக்குது. நீ சொல்லாட்டி யாருக்கும் தெரியாது. நம்ம குவார்ட்டர்ஸ்ல என்ன மெத்தையா விரிச்சு வெச்சிருந்தாங்க? நாமெல்லாம் சிமெண்டுல உளுந்து எந்திரிச்சுத்தான வளந்தோம்."

"எல்லாருமா?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டான். மத்தியானம் முழுக்க என் டேபிளில் ஒரு சட்டைகூட நகரவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நாங்கள் ஏழு பேர் இல்லை. எட்டாவதாக ஒருத்தி இருந்தாள். தியாகுவின் தங்கை பூங்கொடி. ஐந்து வயது. எங்கள் எல்லா ஆட்டத்திலும் அவள் உப்புக்குச் சப்பாணி. தொட்டாலும் அவுட் இல்லை, ஓடி ஜெயித்தாலும் கணக்கில்லை. சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழுவாள் என்று சேர்த்துக்கொண்ட ஆள். அவளுக்கு அது தெரியாது. எல்லோரையும் விட அதிகமாக மூச்சு வாங்க ஓடுவாள்.

ஒரு நாள் அவளும் சறுக்க வேண்டும் என்று நின்றாள். சறுக்குமரத்தின் ஏணிப்படி அவளுக்கு எட்டாது. தூக்கி ஏற்றிவிட்டது நான். உச்சிக்குப் போனதும் உட்காரவில்லை, நின்றாள். எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்தாள். கீழே சிமெண்ட் தளம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், வீடு திரும்பவில்லை. யார் ஏற்றிவிட்டது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பரீட்சை லீவிலேயே அவர்கள் காலி செய்துவிட்டார்கள்.

போன மாதம் இரண்டு பேரும் உட்கார்ந்து விரல் விட்டபோது அவளை விட்டுவிட்டோம். மறந்து விடவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஏழு என்றான், நான் ஆமாம் ஏழு என்றேன். அதற்குப் பிறகுதான் அத்தனை சிரிப்பு. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 19, சனி

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கூட்டம். பலூன் யார் ஊதுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அடியில் மெத்தை இல்லை, திறக்கக் கூடாது என்று சொன்னேன்.

சண்முகநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்க எல்லாம் நடந்து பாத்தோமுங்க. மெத்துனுதான இருக்குது?" என்றார். நடக்கிற காலுக்கு மெத்தென்று இருக்கும், விழுகிற தலைக்கு இருக்காது என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. அழைப்பிதழ் கொடுத்தாச்சு, குழந்தைகள் ஏமாந்துவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பூஜைக்கு வாங்கி மிஞ்சிய தேங்காய் இரண்டு காளியப்பன் அண்ணன் அறையில் இருந்தது. கொண்டுவரச் சொன்னேன். "ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்தார். நாற்பத்தொன்பது வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சறுக்குமரத்தில் ஏறினேன். முதல் தேங்காயை, தியாகு கொடுத்த சாம்பிள் துண்டின் மேல் போட்டேன். பொத்தென்று விழுந்து உருண்டு போனது. இரண்டாவதைப் பக்கத்தில் நாங்கள் போட்டிருக்கிற புல்லின் மேல் போட்டேன். சத்தமே வேறாக இருந்தது. காளியப்பன் அண்ணன் எடுத்துக் காட்டினார். குறுக்கே விரிசல். தேங்காய்த் தண்ணீர் கசிந்து அவர் முழங்கைக்கு வழிந்தது.

இரண்டாவது மாடி மருமகள் தன் மகளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். சண்முகநாதன் வந்து சறுக்குமரத்தின் அடியில் நின்று, "நானும் அவசரப்படுத்திட்டேனுங்க. இறங்குங்க மேடம், பாத்து இறங்குங்க" என்று கையை நீட்டினார்.

குவாலிட்டி பார்க்கிற பொறுப்பில் இருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்றேன். இனிமேல்தான் நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

திறக்கவில்லை. ஓவியப் போட்டியைக் கார் நிறுத்துகிற இடத்தில் நடத்தினார்கள். முக்கால்வாசிக் குழந்தைகள் என்னையும் தேங்காயையும் வரைந்திருந்தன.

அக்டோபர் 26, சனி

தியாகு நான்கு ஆட்களோடு வந்தான். செயலாளர் கூப்பிடுவதற்கு முன்பே அவனே போன் செய்து வருகிறேன் என்றானாம். முழுப் புல்லையும் சுருட்டி எடுத்தார்கள். ஜன்னலில் இருந்து பார்த்தேன். அவன் மேலே பார்க்கவில்லை. இளைத்திருக்கிறான்.

மனோகர் என் பக்கத்தில் வந்து நின்றார். "டீ போட்டுக் குடுத்தனுப்பட்டா?" என்று கேட்டார். அவரே போட்டு, அவரே எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் ரொம்ப நாளைக்குப் பிறகு பிரியமாக இருந்தது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மழை. பெங்களூரில் இருந்து மகள் வந்திருக்கிறாள். பலகாரம் எல்லாம் கடையில் வாங்கியது.

நவம்பர் 9, சனி

மெத்தை விரித்தாகிவிட்டது. இந்த முறை புல்லை ஒட்டுவதற்கு முன்பே தியாகு என்னைக் கூப்பிட்டான். போனில் அல்ல, ஆள் விட்டு. மண்டி போட்டு ஒவ்வொரு மெத்தையாகக் கை வைத்து அமுக்கினேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஓரத்தில் ஓர் இடத்தில் இரண்டு மெத்தைக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. காட்டினேன். பிரித்து மறுபடி சேர்த்தான். கேண்டீன் பன்னைப் பற்றி யாரும் பேசவில்லை.

சறுக்குமரத்தின் அடிக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அவளைத் தூக்கி ஏத்திவிட்டது நான்தான் தியாகு."

அவன் பசை வாளியைக் கலக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும். பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "கீழ புடிக்கறக்கு நின்னவன் நானு. கோன் அட்டை கண்ணை மறைச்சிருச்சு. அதைச் சரி பண்ணறதுக்குள்ள" என்றான்.

நான் அவன் தோளைத் தொட்டிருக்க வேண்டும். ஆட்கள் இருந்தார்கள். புல்லை ஒட்டி முடித்ததும் தாளை நீட்டினான்.

"கையெழுத்துப் போடுங்க மேடம்."

என் பேனாவால் போட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். பள்ளி விட்டு வந்ததும் திறந்துவிட்டார்கள். நான் கம்பெனியில் இருந்து வருவதற்குள் இருட்டிவிட்டது. புல்லில் ஒற்றைச் செருப்பும் ஒரு தலைக்கிளிப்பும் கிடந்தன.

நவம்பர் 17, ஞாயிறு

சாயங்காலம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடிக் குழந்தை சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி, உட்காராமல், கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் எழுவதற்குள் விழுந்துவிட்டது. பக்கவாட்டில், தலை முதலில். என் மடியில் இருந்த வெங்காயமெல்லாம் சிதறிவிட்டது.

அது கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தது. நான் பார்த்தது தெரிந்ததும் அழுதது. அம்மா வந்து தடவித் தடவிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வீக்கம்கூட இல்லை. அம்மா திட்டி முடிப்பதற்குள் மறுபடியும் ஏணியில் ஏறிவிட்டது.

மேலே வந்து தியாகுவுக்குப் போன் செய்தேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை. எடுத்தான்.

"ஒரு குழந்தை உளுந்துருச்சு" என்றேன். அவசரமாகச் சொன்னேன். "ஒண்ணும் ஆகலை. எந்திரிச்சு ஓடிருச்சு. இப்பக்கூட அது சத்தம்தான் கேக்குது."

"எங்கிருந்து?"

"உச்சில இருந்து. தலைகுப்புற."

"எத்தனை வயசு சுகு?" என்று கேட்டான்.

"அஞ்சு."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டிப் பிடித்தேன், அவனுக்கும் கேட்கட்டும் என்று.